நீட்டினால் ஆடு, குறுக்கினால் கப்பலா?

சிங்கப்பூரில் ஒரு மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை ஆங்கில வகுப்பு. ஆசிரியை இரண்டு கட்டைவிரலிலும் ஒரு ரப்பர் பேண்டை மாட்டி, எல்லோரும் பார்க்கும்படி இழுக்கிறார். “ஷீ...ப்.” சட்டென்று தளர்த்துகிறார். “ஷிப்.” எதிரே இருந்தவர்கள் எல்லோரும் சீனாவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். அவர்களும் ஆளுக்கொரு ரப்பரை இழுத்தார்கள், விட்டார்கள். உதவிக்கென்று பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது இதுதான்: முதலில் நீளமான ஆடு வந்தது, அடுத்து நறுக்கிய ஆடு வந்தது. கப்பல் கடைசிவரை வரவில்லை.

அந்த ஆசிரியையைக் குறை சொல்லிப் பயனில்லை. சீனப் பள்ளிக்கூடங்களில் 48 ஒலிக்குறிகள் கொண்ட அட்டவணை ஒன்று பரவலாகப் புழங்குகிறது. உயிர் 20, மெய் 28. அதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் உயிர்களை நீள ஒலி, குறு ஒலி என்று பிரிப்பார்கள். குறு ஒலியை வெடுக்கென்று வெட்டிச் சொல்லவேண்டும் என்பார்கள். தமிழருக்கு இதைக் கேட்டதும் தலை தானாக ஆடும். ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை என்று படித்து வளர்ந்தவர்கள் அல்லவா நாம்? ஷிப், ஷீப் என்று எழுதும்போதே குறிலும் நெடிலுமாகத்தானே எழுதுகிறோம்!

ஆனால் ஆட்டுக்கும் கப்பலுக்கும் நடுவே இருப்பது மாத்திரைக் கணக்கு அல்ல. முதலாவதில் நாக்கு மேலேறி, முன்னே தள்ளி, இறுக்கமாக நிற்கிறது. இரண்டாவதில் சற்று இறங்கி, உள்ளே தளர்ந்து கிடக்கிறது. ஒலியே வேறு. ஷீப்பை எவ்வளவு குறுக்கினாலும் குட்டை ஷீப்தான் கிடைக்கும்.

நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை. ஏலத்தில் விலை கேட்பதற்கு ஒரு ‘பிட்’ உண்டு. அதன் கடைசி மெய், ‘குடம்’ என்பதில் வரும் டகரம் போல அதிரும். அடிப்பதற்கு ஒரு ‘பீட்’ உண்டு. அதன் கடைசி மெய், ‘பட்டம்’ என்பதில் வருவது போல அதிராதது. (தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிவது நம் எழுத்தின் பாடு.) அதிராத மெய்க்கு முன்னால் வரும் உயிரை ஆங்கிலேயர் சுருக்கிவிடுவார்கள், அதிரும் மெய்க்கு முன்னால் விட்டுப் பேசுவார்கள். அதனால் ஏலத்தின் ‘குறில்’ பல நேரம் அடியின் ‘நெடிலுக்கு’ நிகராக நீளும், சில நேரம் மிஞ்சியும் நீளும். ஆனாலும் ஆங்கிலக் காது ஒன்றை மற்றொன்றாகக் கேட்பதில்லை. நீளம்தான் வேறுபாடு என்றால் இது எப்படி நடக்கும்?

ஒரே சூழலில் வைத்துப் பார்த்தால் ஷீப்பின் உயிர் ஷிப்பின் உயிரைவிட நீளம்தான். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் நீளத்துக்கு வேறொரு வேலை இருக்கிறது: பின்னால் வரும் மெய் எது என்று முன்கூட்டிச் சொல்வது. அடிக்கிற பீட்டையும் பாசிமணி என்று பொருள்படும் ‘பீட்’டையும் பிரிப்பதில் பெரும்பங்கு இந்த நீளத்துக்குத்தான். மாண்டரினில் சொல்லசை ‘ன்’னிலோ ‘ங்’கிலோ முடியும், ரகரச் சாயலை விட்டால் வேறு மெய்யில் முடியாது. வல்லின ஈறு அவர்கள் வாயில் தேய்ந்துதான் வரும், அல்லது பின்னால் ஓர் உயிர் ஒட்டிக்கொள்ளும். கேட்பவருக்கு மிச்சமிருக்கும் துப்பு உயிரின் நீளம் ஒன்றுதான். ரப்பர் பேண்ட் அதையும் பிடுங்கிக்கொள்கிறது.

இந்தக் குழப்பத்தின் பிள்ளையார் சுழி அச்சில் இருக்கிறது. 1917இல் வெளிவந்த டேனியல் ஜோன்ஸின் ஆங்கில உச்சரிப்பு அகராதி இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்தைத்தான் போட்டது. ஒன்றுக்கு மட்டும் பக்கத்தில் இரண்டு புள்ளி. நாக்கின் நிலை மாறுவது ஜோன்ஸுக்குத் தெரியாதா? உயிரொலிகளை அளக்கவே தனி அளவுகோல் வகுத்தவர் அவர். புள்ளியைக் கண்டதும் ஒலி மாற்றத்தையும் சேர்த்து நினைத்துக்கொள்ளவேண்டும் என்பது ஏற்பாடு. கடல் தாண்டிப் போனபோது புள்ளி மட்டும் போய்ச் சேர்ந்தது, ஏற்பாடு சேரவில்லை. 1977இல் வந்த அந்த அகராதியின் 14ஆம் பதிப்பில் அதன் பதிப்பாசிரியர் கிம்சன் இரண்டுக்கும் வெவ்வேறு எழுத்து கொடுத்தார். சீனாவில் பழைய குறி அதன் பிறகும் வெகுகாலம் புழங்கியது. புதுக் குறியைப் போட்டவர்களும் பழைய விளக்கத்தையே ஓதினார்கள்.

ஆசிரியர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றும் சொல்வதற்கில்லை. மாண்டரினில் குறில் நெடில் கிடையாது. இருந்தும் அம்மொழிக்காரர்கள் இந்த இரண்டு ஒலிகளையும் நீளத்தை வைத்தே பிரிக்க முயல்கிறார்கள் என்று 1995இல் போன் என்ற ஒலியியலாளர் எழுதினார். ஒலி மாற்றம் காதுக்குப் பிடிபடாதபோது கையில் அகப்பட்ட ஊன்றுகோல் அது. ஊன்றுகோலை மெல்ல வாங்கிவைக்க வேண்டியவரே இன்னொன்றையும் கையில் திணிப்பதுதான் என் புகார். நீளத்தை விட்டு ஒலியைக் கவனிக்கப் பழக்கினால் காது திருந்தும் என்பதை, மாண்டரின், கான்டனீஸ் பேசுபவர்களுக்குக் கணினி வழியாகக் கேட்கும் பயிற்சி கொடுத்து, வாங், மன்றோ என்ற இருவர் 2004இல் காட்டினார்கள்.

“சீனர் நாக்கு வளையாது” என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கான்டனீஸில் ‘சாப்பிடு’ என்பதற்கான சொல்லைக் கேளுங்கள்: ‘சிக்’. கப்பலில் வரும் அந்தத் தளர்ந்த ஒலி அதிலே இருக்கிறது. ககரத்துக்கும் ‘ங்’குக்கும் முன்னால் மட்டும் வருவதால் அது தன்னிடம் இருப்பதே பேசுபவருக்குத் தெரிவதில்லை.

மாண்டரினில் அந்த ஒலி இல்லை. ஆனால் அதன் இரண்டு கரையும் இருக்கின்றன. அன்று வகுப்பு முடிந்ததும் ஹூனானிலிருந்து வந்த ஒரு பெண் என்னிடம் வந்தார். உணவங்காடியில் பாத்திரம் கழுவுகிறவர். “குட்டையாகத்தான் சொல்கிறேன். இன்னும் எவ்வளவு குட்டையாக்குவது?” என்று கேட்டார். ரப்பரை மேசையில் வைக்கச் சொன்னேன். ‘ஒன்று’ என்பதை அவர் மொழியில் சொல்லச் சொன்னேன்: ‘யீ’. ‘கூட’ என்பதைச் சொல்லச் சொன்னேன்: ‘யெ’. தாடை இறங்குவதை விரல் வைத்துப் பார்க்கச் சொல்லி, பாதி வழியில் நிறுத்தச் சொன்னேன். மூன்றாவது தடவை கப்பல் வந்தது. அதை நீட்டிச் சொல்லச் சொன்னேன், நீட்டினார். நீட்டியும் கப்பலாகவே இருந்தது. சிரித்துவிட்டார். மறுவாரம் பாதி மறந்திருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பூர்க்காரர்களே பலர் இந்த இரண்டையும் பிரிக்காமல்தான் பேசுகிறார்கள். அவர்கள் காரியம் ஒன்றும் கெட்டுவிடவில்லை. பிரிக்காமல் பேசுவது குற்றமல்ல. பிரிக்கச் சொல்லித்தருகிறேன் என்று காசு வாங்கிவிட்டு நீட்டச் சொல்லித்தருவதுதான் குற்றம்.

இன்னும் சந்தேகம் இருக்கும் ஆசிரியர்கள் கைபேசியில் ஆங்கிலேயர் ஒருவர் ஏலத்தையும் அடியையும் சொல்வதைப் பதிவுசெய்து, எந்த உயிர் நீளம் என்று ஒலி அலையில் அளந்து பாருங்கள். அதற்குப் பிறகும் ரப்பர் பேண்ட் தேவைப்பட்டால் வாங்கிக்கொள்ளுங்கள்.