மறதி நோய்க்கு இரத்தப் பரிசோதனை: ஊவா தோட்டங்களுக்கு அது எப்படி வர வேண்டும்? எமது நிலைப்பாடு

அல்சைமர் நோயின் தடயத்தை ஒரு குழாய் இரத்தத்தில் கண்டறியும் பரிசோதனைகள் வந்துவிட்டன. அவை பதுளைக்கும் வர வேண்டும் என்றே கேட்கிறோம். ஆனால் தோட்டம் தோட்டமாக முகாம் போட்டு, அறுபது தாண்டிய எல்லோரிடமும் இரத்தம் எடுத்துப் பார்ப்பதை இன்றைய நிலையில் எதிர்க்கிறோம். மறதி தென்படுகிறவர்களுக்கு மட்டும், தமிழில் பேசிப் பார்க்கும் ஒரு மறதி நோய் கிளினிக்கின் வழியாக அது நடக்கட்டும். அந்தக் கிளினிக்தான் முதலில் வேண்டும்.

இந்நோயில் அமைலொயிட், டௌ என்ற இரு புரதங்கள் மூளையில் தேங்குகின்றன. மறதி வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அது தொடங்கிவிடுகிறது. அதைக் காண முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும், அல்லது பெட் ஸ்கேன் செய்ய வேண்டும் என்ற நிலையே நெடுங்காலம் இருந்தது. மடுல்சீமையில் இருக்கும் ஒரு பாட்டிக்கு இரண்டும் எட்டாதவை. இரத்தத்தில் கலக்கும் டௌவோ மிகச் சொற்பம். ஒரு மில்லிலீற்றரில் ஒரு கிராமின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். இந்தச் சொற்ப அளவையும் அளக்கும் சில உயிரியல் உணரிகளில், டௌவுடன் மட்டும் ஒட்டும் எதிர்ப்புரதத்தைத் தங்க மின்வாயின் மேல் பதிக்கிறார்கள். டௌ வந்து ஒட்டியதும் மின்னோட்டம் மாறும். கையடக்கமான இத்தகைய உணரிகள் பெரும்பாலும் இன்னும் ஆய்வுகூடங்களில்தான் இருக்கின்றன. 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லுமிபல்ஸ் பரிசோதனை, பெரிய ஆய்வுகூட இயந்திரத்தில் செய்யப்படுவது. அதுவும் அறிகுறி உள்ளவர்களுக்கு மட்டுமே.

ஏன் எல்லோருக்கும் வேண்டாம் என்கிறோம்? ராகமையில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு, 65 தாண்டியவர்களில் 100க்கு ஏறக்குறைய 4 பேருக்கு மறதி நோய் இருப்பதாகக் கண்டது. முதற்கட்டச் சலிப்புக்கான பரிசோதனை நோயுள்ளவர்களில் 90 வீதத்தினரையும் நோயற்றவர்களில் 75 வீதத்தினரையும் சரியாக இனங்காண வேண்டும் என்கிறது அமெரிக்க அல்சைமர் சங்கத்தின் 2025 வழிகாட்டி. அதே தரமுள்ள பரிசோதனையை, நோயுள்ளவர் 4 பேர் மட்டும் இருக்கும் ஒரு தோட்டத்தின் 100 முதியவர்களுக்குச் செய்தால், அந்த 4 பேரில் 3 அல்லது 4 பேரோடு நோயில்லாத 24 பேருக்கும் ‘இருக்கலாம்’ என்று முடிவு வரும். அந்த 24 குடும்பங்களுக்கு யார் என்ன சொல்வது?

சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தத்தில் டௌ அளவு மூளை நோய் இல்லாமலே உயரலாம். மஹியங்கனையும் கிராந்துருகோட்டையும் காரணம் தெரியாத சிறுநீரக நோயால் அவதிப்படும் இதே ஊவா மாகாணத்தில், வேறு நாட்டில் வகுத்த எல்லை அளவை அப்படியே கொண்டுவந்து வைப்பது தவறு. எங்கள் மக்களிடம் சரிபார்த்த அளவு வேண்டும்.

பரவலாகப் பயன்படும் ஞாபகச் சோதனையும் எங்களுக்குப் பொருந்துவதில்லை. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கவும், ஒரு வாக்கியம் எழுதவும், ஐங்கோணம் வரையவும் அது கேட்கிறது. இன்று எழுபது வயதாகும் எங்கள் பெண்கள், தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்பதற்கு முந்திய தலைமுறை. எத்தனையோ பேருக்கு மூன்றாம் வகுப்போடு கொழுந்துக் கூடை முதுகில் ஏறிவிட்டது. அவர்கள் ஐங்கோணம் வரையாதது நோயல்ல. கோயில் திருவிழா எப்போது நடந்தது, பேத்தி எங்கே வேலை செய்கிறாள், அடுப்பை அணைத்தார்களா என்று அவர்கள் பேச்சிலேயே கேட்டறியும் சோதனை வேண்டும்.

மறதி என்று வருபவர் எல்லோருக்கும் அல்சைமர் இல்லை. தைரொயிட் குறைபாடு, பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. இவற்றைப் பார்க்காமல் டௌவைப் பார்ப்பதில் நியாயமில்லை. லான்செட் மருத்துவ இதழின் 2024 ஆணைக்குழு, மாற்றக்கூடிய 14 காரணிகளைக் கவனித்தால் மறதி நோயில் ஏறக்குறைய 45 வீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. பிரஷர், சீனி, காது கேளாமை, பார்வைக் குறைவு, காற்று மாசு, மது எல்லாம் அதில் இருக்கின்றன. லயன் அடுப்புப் புகையிலும் தேயிலைத் தொழிற்சாலை இரைச்சலிலும் வாழ்ந்தவர்களுக்கு இது வெறும் பட்டியல் அல்ல. கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் இன்றே கொடுக்கலாம்.

இரகசியத்தையும் அழுத்திச் சொல்கிறோம். லயன் அறை நிர்வாகத்தின் கையில் இருக்கும் இடத்தில், ‘புத்தி மாறியவர்’ என்ற முத்திரை ஒரு குடும்பத்தின் கூரையையே அசைக்கும். பரிசோதனை முடிவு தோட்ட அலுவலகத்துக்குப் போகவே கூடாது. வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் பேர் கூப்பிட்டு இரத்தம் எடுப்பதை யாரும் சம்மதம் என்று சொல்ல வேண்டாம்.

மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் நாங்கள் கேட்பது: பதுளை பெரியாஸ்பத்திரியில் மாதம் இரு நாளாவது தமிழ் பேசும் வைத்தியருடனோ தாதியுடனோ மறதி நோய் கிளினிக், பசறை, லுணுகலை, அப்புத்தளை ஆகிய இடங்களிலிருந்து அங்கே அனுப்பும் முறை, தைரொயிட், பி12, சிறுநீரகப் பரிசோதனைகள் இலவசமாக, அம்மாவைக் கூட்டி வரும் மகளுக்கு அன்றைய பேர் (நாட்சம்பளம்) போகாத ஏற்பாடு. இவை நடந்தபின் இரத்தப் பரிசோதனை வரட்டும். அதற்கான ஆய்வுக்கு ஆட்களைத் திரட்டவும் வீடு வீடாக விளக்கவும் நாங்கள் முன்நிற்போம். இவை எதுவும் இல்லாமல் எந்தக் கம்பனியாவது முகாமோடு வந்தால், இரத்தம் கொடுக்க வேண்டாம் என்றே எங்கள் மக்களிடம் சொல்வோம்.