அது பனித்துளி அல்ல

இம்முறை இதழின் அட்டைக்கு என் தும்பிப் படத்தைத் தரும்படி இதழ்க் குழுவிலுள்ள தோழிகள் கேட்டார்கள். தரமாட்டேன் என்றேன். "பெருமையா?" என்று ஒருத்தி கோபித்துக்கொண்டாள். பெருமை இல்லை. காரணத்தைச் சொல்ல அன்று வாய் வரவில்லை. விடுமுறையில் பூச்சிகளைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் பகிர்வது எங்கள் வகுப்பில் பலருக்கும் பழக்கமாகி வருவதால் இப்போது எழுதுகிறேன்.

கடந்த ஆகஸ்ட் விடுமுறையில் சம்மாந்துறையில் வாப்பும்மா வீட்டில் நின்றேன். வீட்டுக்குப் பின்னால் வயல். ஃபோன் கெமராவின் மேல் கவ்விப் பொருத்தும் சிறிய மெக்ரோ லென்ஸ் ஒன்றை வாப்பா வாங்கித் தந்திருந்தார். அந்த லென்ஸில் ஒரு தொல்லை உண்டு. பூச்சிக்கு இரண்டு மூன்று சென்றிமீற்றர் அருகில் போனால்தான் படம் தெளியும். அவ்வளவு கிட்டப் போக எந்தத் தும்பி விடும்? பூச்சியைச் சற்று நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் அசையாமல் இருக்கும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். பூச்சிகளின் உடல் வெப்பம் சூழலைப் பொறுத்தே மாறும் என்று உயிரியலில் படித்திருந்ததால் அது சரியான வழியாகவே பட்டது. செந்நிறத் தும்பி ஒன்றைப் பிடித்து, ஒரு சிறிய பிளாஸ்ரிக் பெட்டிக்குள் மூடி, ஐஸ் உறையும் மேல்தட்டில் வைத்தேன். ஐந்து நிமிடம்தானே என்று நினைத்தேன். மாமி வீட்டார் வந்தார்கள். தேநீர், பேச்சு, பிறகு அஸர் தொழுகை. ஞாபகம் வந்தபோது இரண்டு மணித்தியாலம் கடந்திருந்தது.

தும்பி செத்திருந்தது. வெளியே எடுத்ததும் காற்றிலிருந்த ஈரம் அதன் சிறகுகளில் துளித்துளியாகப் படிந்தது. மாலை வெயிலில் ஒவ்வொரு துளியும் மின்னியது. நான் செய்ததை ஒளிக்காமல் சொல்கிறேன்: எனக்குக் கவலை வரவில்லை. படம் எடுத்தேன். ஒரு புல்நுனியில் அதை ஒட்டவைத்து இருபது படங்கள் எடுத்தேன்.

குடும்பக் குழுவில் போட்டதும் சுப்ஹானல்லாஹ், மாஷா அல்லாஹ் என்று வந்துகொண்டே இருந்தது. "காலைப் பனியா?" என்று சாச்சி கேட்டா. இதயம் ஒன்றை அனுப்பி வைத்தேன். வாப்பும்மா என் ஃபோனைக் கையில் வாங்கி, கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "பொறகு பறந்திட்டா புள்ள?" என்று கேட்டார்.

"ஓம் வாப்பும்மா" என்றேன்.

படைத்தவனைப் புகழ்ந்து அத்தனை பேர் சொன்ன வார்த்தைகளுக்குக் கீழே நான் கொன்ற ஓர் உயிர் கிடந்தது. அதற்கு மேல் ஒரு பொய்யும் இருந்தது. அன்றிரவு உறக்கம் வரவில்லை.

"ஒரு தும்பிக்கு இவ்வளவா? நுளம்புத்திரி கொளுத்தி எத்தனை உயிரைக் கொல்கிறோம், வயலுக்கு மருந்து அடிக்கிறோம்" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நுளம்பைக் கொல்வது டெங்குக்குப் பயந்து. மருந்து அடிப்பது விளைச்சலுக்காக. நான் கொன்றது பாராட்டுக்காக. அதுவும் எதை? நீரில் குடம்பியாக இருக்கும்போது நுளம்புக் குடம்பிகளையும், பறக்கத் தொடங்கிய பின் நுளம்பையும் தின்கிற ஒன்றை.

இது என்னுடைய சிறுபிள்ளைத்தனம் மட்டுமல்ல. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆண்டுதோறும் உலகளவில் நடத்தும் வனவிலங்குப் புகைப்படப் போட்டியில், கறையான் புற்றருகே எறும்புதின்னி ஒன்று நிற்கும் படம் 2017இல் பரிசு பெற்றது. 2018இல் அப்பரிசு பறிக்கப்பட்டது. படத்தில் இருப்பது பாடம் செய்யப்பட்ட விலங்கு என்று நிபுணர்கள் முடிவு சொன்னார்கள், எடுத்தவர் மறுத்தார். அங்கே கேள்வி கேட்க நடுவர்கள் இருந்தார்கள். எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் லைக் மட்டுந்தான் இருக்கிறது. ஆகவே படத்தைப் பகிர்பவளே அதை எப்படி எடுத்தாள் என்பதையும் எழுத வேண்டும் என்பது என் கருத்து. எந்த ஊர், எந்த நேரம், எந்தச் செடி, தொட்டாளா, தொடவில்லையா. நான்கு வரி போதும். குருவிக்கூடு என்றால் மட்டும் இடத்தைச் சொல்லாமல் விடுவது நல்லது. படத்தைப் பார்த்துவிட்டுப் பத்துப் பேர் போய் நின்றால் தாய்க்குருவி திரும்பி வராமல் போகலாம்.

அந்தத் தும்பிக்குப் பிறகு வேறு விதமாக முயன்று பார்த்தேன். சுபஹ் தொழுதுவிட்டு நேரே வயல் வரம்புக்குப் போனால், வெயில் ஏறும்வரை தும்பிகள் புல்நுனிகளில் அசையாமல் தொங்கிக்கொண்டிருக்கும். நான் ஃபிரிட்ஜில் தேடிய குளிர் விடியலில் தானாகவே இருந்தது. எனக்குத்தான் எழும்பப் பஞ்சியாக இருந்தது.

மாமரத்தில் முசுறுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவற்றில் ஒன்று தனியே ஒதுங்கி நடந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டுக் கால்! முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு போலத் தூக்கி ஆட்டிக்கொண்டு முசுறாக நடிக்கும் பாய்ச்சல் சிலந்தி அது. முசுறு கடிக்கும் என்று மற்றப் பிராணிகள் விலகிப் போகும் அல்லவா, அந்த மரியாதையில் இதுவும் பிழைத்துக்கொள்கிறது. எத்தனை வருடம் அந்த மரத்தில் மாங்காய் பறித்திருப்போம், ஒருவரும் கண்டதில்லை. வெறுங்கண்ணால் காணாததை மெக்ரோ லென்ஸ் காட்டித் தருகிறது என்பதற்காகத்தான் இந்தப் படங்களைப் பகிர வேண்டும் என்று இன்னும் சொல்கிறேன். காலடியில் நசுங்கிவிடாதீர்கள் என்று தன் கூட்டத்தை எச்சரித்த எறும்பின் பேச்சைக் கேட்டு சுலைமான் நபி புன்னகைத்த வரலாற்றை எல்லோரும் ஓதியிருக்கிறோம். ஓதிவிட்டு, வாசற்படியில் ஊரும் எறும்பைக் குனிந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உயர்தரப் பரீட்சையை வைத்துக்கொண்டு பூச்சி பார்த்துத் திரிகிறாள் என்று ஏசாதீர்கள். கூடவே வந்து ஒரு காலை நின்று பாருங்கள். என் உம்மா முதலில் ஏசியவர்தான். இப்போது கறிவேப்பிலை ஆயும்போது புழு கண்டால் என்னைக் கூப்பிடுகிறார்.

தும்பிப் படத்தை அழிக்கவில்லை. குடும்பக் குழுவில் அதை மறுபடி போட்டு, அது பனித்துளி அல்ல என்று நடந்ததை எழுதினேன். இம்முறை ஒருவரும் மாஷா அல்லாஹ் சொல்லவில்லை. வாப்பும்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஃபோனில் அழைத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப ஏன் புள்ள பறந்திட்டெண்டு சொன்ன?" என்றார். தும்பியைக் கொன்றதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அட்டைக்கு மாமரத்துச் சிலந்தியைக் கொடுத்திருக்கிறேன். காற்று அடித்ததால் பின்னங்கால்கள் கொஞ்சம் மங்கல். எண்ணிப் பார்த்தால் எட்டும் தெரியும்.