ஊரார் சூட்டிய தமிழ்ப்பெயர்

பெற்றோர் இட்ட பெயர் கோபிசாந்தா. நாடகத்தார் மாற்றிய பெயர் மனோரமா. இரண்டும் வடசொற்களே. ஆயினும், தமிழகம் அவரை அழைத்தது எப்பெயரால்? ஆச்சி! பள்ளத்தூரில் வளர்ந்தமையால் வந்து ஒட்டிய அச் செட்டிநாட்டு உறவுச்சொல்லே இறுதிவரை நிலைத்தது. மக்கள் தம் வீட்டு உறவாக அவரை ஏற்றமைக்கு முதன்மையான ஏது அவர்தம் நாவில் நடமாடிய தமிழேயாகும்.

1937-இல் மன்னார்குடியில் பிறந்தவர் அவர். தந்தை கைவிட்டபின் தாய் பள்ளத்தூரில் வீட்டுவேலை செய்து மகளை வளர்த்தார். வறுமை பள்ளிக்கதவை அடைத்தது. பன்னிரண்டு அகவையளவில் நாடகமேடை ஏற்றியது. படிக்க வேண்டிய பருவத்தில் வயிற்றுக்காக ஒப்பனை பூண்டதைப் பெருமையெனப் பாடுதல் தகாது. அது குமுகாயத்தின் குற்றம். எனினும், 1958-இல் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை' வழியே திரைக்கு வரும்வரை மேடையே அவர்க்குப் பள்ளியாயிற்று. மேடையில் பிழைபட்ட சொல்லை அழித்துத் திருத்த இயலுமோ? கடைசி வரிசையில் இருப்பவன் செவியிலும் சொல் தெளிவுற விழவேண்டுமன்றோ? நகைப்பும் கைதட்டலும் அங்கேயே கிடைத்துவிடும்.

அப் பயிற்சி வீண்போகவில்லை. 1968-இல் 'தில்லானா மோகனாம்பா'ளில் சில்சில் இரமாமணியாகப் பேசியவரே, அவ்வாண்டு வந்த 'பொம்மலாட்ட'த்தில் சென்னைத் தெருவழக்கிற் பாடினார். 1986-இல் 'சம்சாரம் அது மின்சார'த்தில் வேலைக்காரி கண்ணம்மாவாக ஒரு வீட்டின் மானத்தையே தம் வாய்ச்சொல்லால் காத்தார். ஆயிரம் படங்களைக் கடந்து கின்னசு நூலில் இடம்பெற்றார். 1989-இல் வந்த 'புதிய பாதை'க்கு நடுவணரசின் விருதும், 2002-இல் தாமரைத்திரு விருதும் பெற்றார். 2015-இல் மறைந்தார்.

இற்றைத் திரையுலகிலும் பதின்ம அகவைப் பெண்கள் கதைத்தலைவியராக்கப்படுகின்றனர். அவருட் பலர் தமிழறியாதார். வாயசைப்பது ஒருத்தி, பேசுவது மற்றொருத்தி! குற்றம் அவ் விளம்பெண்களுடையதன்று. முகத்தை மட்டுமே விலைபேசும் படமுதலாளிகளுடையது. உயிரற்ற சொல்லைக் கேட்டுக் கேட்டே ஒரு தலைமுறையின் செவி மழுங்குகின்றது.

நடிக்க வரும் இளையோர்க்குப் பள்ளிக்கல்வி தடைப்படலாகாது. அவர்தம் சொந்தக் குரலும் பறிக்கப்படலாகாது. சில திங்கள் மொழிப்பயிற்சி அளித்தபின் பேசவைத்தல் கோடிகளைக் கொட்டுவோர்க்கு அரிய செயலோ? முகம் முதிரும், ஒப்பனை கலையும். ஐம்பதாண்டுக்கு மேல் ஆச்சியை வாழவைத்தது அவர் பேசிய மொழியே.