நேரே ஆஞ்சியோ வேண்டுமா?

வெளியூரில் வேலை பார்க்கும் நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. மாடி ஏறினால் அப்பாவுக்கு நெஞ்சு பிடிக்கிறது என்று ஊரிலிருந்து போன் வந்தால், "செலவைப் பத்தி யோசிக்காதீங்க, ஆஞ்சியோவே பண்ணிடுங்க" என்று சொல்லிவிடுவோம். பக்கத்தில் இல்லாத குறையைப் பணத்தால் அடைக்கப் பார்ப்பதுதான் இது. இங்கே போபாலில் தமிழ் நண்பர்கள் பலர் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் உடன்பாடில்லை.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நான் பேசுவது நடந்தால் வந்து, நின்றால் போகிற, கொஞ்ச நாளாக ஒரே மாதிரி இருக்கிற வலியைப் பற்றி.

நான் படித்தது பி.காம். எனக்குப் புரிந்த பாஷையிலேயே சொல்கிறேன். கடன் கேட்டு வரும் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டையும் பார்ப்போம், கேஷ் ஃப்ளோவையும் பார்ப்போம். சி.டி. ஆஞ்சியோ பேலன்ஸ் ஷீட் மாதிரி. ரத்தக் குழாயில் எங்கே, எவ்வளவு படிந்திருக்கிறது என்று காட்டும். அதனால் இதயத் தசைக்கு ரத்தம் குறைகிறதா என்பதை நேராகச் சொல்லாது. அதற்கு ஸ்ட்ரெஸ் எக்கோ, தாலியம் ஸ்கேன் போன்றவை. இதயத்தை வேலை வாங்கிப் பார்ப்பவை. மூட்டுவலியால் டிரெட்மில்லில் நடக்க முடியாத அம்மாவுக்கு மருந்து ஏற்றிச் செய்யலாம். வெறும் டி.எம்.டி.யில் படமே கிடையாது, இ.சி.ஜி. மட்டும்தான். பெண்களுக்கு அது பொய் எச்சரிக்கை கொடுப்பதும் அதிகம்.

எது உசத்தி? 2015ல் வந்த பிராமிஸ் ஆய்வில் 10,003 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு சி.டி., மறுபாதிக்கு ஸ்ட்ரெஸ் சோதனை. சுமார் இரண்டு வருடத்தில் பலனில் வித்தியாசம் தெரியவில்லை. ஸ்காட்லாந்தில் 4,146 பேரிடம் நடந்த ஆய்வில் (2018) சி.டி.யும் சேர்த்து எடுத்தவர்களில் ஐந்து வருடத்தில் மாரடைப்போ இதயநோய் மரணமோ 2.3 சதவீதம், எடுக்காதவர்களில் 3.9. சி.டி. வைத்தியம் செய்வதில்லையே! படிவைக் கண்ணால் பார்த்ததும் ஸ்டேடின், ஆஸ்பிரின் ஒழுங்காகத் தொடங்கியதுதான் காரணம் என்கிறார்கள்.

குழாய் விட்டுச் செய்யும் ஆஞ்சியோவையும் சி.டி.யையும் ஒப்பிட்ட ஐரோப்பிய ஆய்வு 2022ல் வந்தது, 3,561 பேர். மாரடைப்பு, பக்கவாதம், மரணம் இவற்றில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் சோதனையாலேயே வந்த பெரிய சிக்கல்கள் குழாய் விட்டவர்களில் 1.9 சதவீதம், சி.டி.யில் தொடங்கியவர்களில் 0.5.

ஆகவே இதற்கு முன் இதயநோய் இல்லாதவருக்கு முதலில் சி.டி. என்பதே என் கட்சி. அது சுத்தமாக வந்தால் நம்பலாம். கிட்னி பழுது என்றால் சி.டி.க்கு ஏற்றும் சாயத்தை யோசிக்க வேண்டும். வயதாகி, பல வருட சர்க்கரையால் குழாயில் சுண்ணாம்பு ஏறியிருந்தால் படம் தெளிவாக வராது. அவர்களுக்கு ஸ்ட்ரெஸ் சோதனை மேல்.

அதிலும் ரத்தக் குறைவு தெரிந்தால் உடனே ஸ்டென்ட்டா? 2020ல் வெளியான இஸ்கீமியா ஆய்வில், இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,179 பேர். மருந்தோடு தொடங்கியவர்களைவிட ஆஞ்சியோ, ஸ்டென்ட் அல்லது பைபாஸ் என்று போனவர்களுக்கு மரணம் குறையவில்லை. நெஞ்சுவலி நன்றாகக் குறைந்தது. இடது பிரதான குழாயில் அடைப்புள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை, அவர்கள் கதை வேறு.

அடுத்த முறை போன் வந்தால் டாக்டரிடம் இரண்டே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இந்தச் சோதனை எதைக் கண்டுபிடிக்க? ரிசல்ட் எப்படி வந்தால் மருந்து மாறும்? வலியே இல்லாத அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணப் பரிசாக சி.டி. பேக்கேஜ் வாங்கித் தருபவர்களைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.