பாக்டீரியா பக்கம்: மெசினாவில் பெட்டி மாறிய கதை

மக்களே, இந்தப் பதிவை பலேர்மோ ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் உட்கார்ந்து தட்டிக்கிட்டிருக்கேன். ஊரிலிருந்து ஒரு ஜூனியர் பையன் ரோம் ரயிலில் வர்றான். இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. அதுவரை பாக்டீரியா பேசுவோம், ஓடிடாதீங்க!

ரோமிலிருந்து வரும் ரயிலைக் கப்பலில் ஏற்றித்தான் ஜலசந்தியைக் கடத்துவாங்க. மெசினாவில் பெட்டிகளைப் பிரிச்சு சிலது பலேர்மோவுக்கு, சிலது சிராகூசாவுக்கு. ஒரு காலத்தில் குருவாயூர் எக்ஸ்பிரஸில் தூத்துக்குடி பெட்டிகளை மணியாச்சியில் கழட்டுவாங்களே, அந்த மாதிரி.

முதல் தடவை வந்தப்ப நான் கப்பல் மேல்தளத்துக்குப் போய் அரஞ்சீனா (கறி வைத்துப் பொரித்த சோற்று உருண்டை) தின்னுட்டு, இறங்கி வந்து தப்பான பெட்டியில் ஏறிட்டேன். போனில் "அம்மா, என் பையைக் காணோம்"னு அலறினேன். அந்தப் பக்கமா போன ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் நின்னார். "தம்பி தமிழோ? இது சிராகூசா போற பெட்டியெல்லோ!"

பாக்டீரியாவுக்கும் இதே சிக்கல்தான். ரைபோசோம் நொடிக்கு 15-20 அமினோ அமிலம் கோர்த்துப் புரதம் செய்யுது. அதில் சவ்வில் பதிய வேண்டியவை எண்ணெய்ப் பசை உள்ளவை, தண்ணீருக்கு ஆகாது. தனியா விட்டா ஒண்ணோடொண்ணு ஒட்டிக் கட்டி தட்டிடும். அதனால் செய்து முடிக்கும் முன்பே பிடிக்கணும்.

ஈ.கோலையில் பிடிக்கிறவர் எஸ்.ஆர்.பி. ஒரே ஒரு புரதம், 114 எழுத்துள்ள ஒரு ஆர்.என்.ஏ. அவ்ளோதான். நம்ம செல்லில் அதே வேலைக்கு 6 புரதமும் சுமார் 300 எழுத்து ஆர்.என்.ஏ.வும் வேணும். சங்கிலியின் முதல் எண்ணெய்ப் பசைத் துண்டு ரைபோசோமிலிருந்து தலை நீட்டியதும் எஸ்.ஆர்.பி. பிடிச்சுக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கிறதில்லை, அந்தப் பசைதான் அடையாளம். அண்ணன் என் டிக்கெட்டையா பார்த்தார்? 'அம்மா'ன்னதுமே பிடிச்சுட்டாரே!

அப்புறம் ரைபோசோமோடு சேர்த்து சவ்வுக்குக் கூட்டிப்போகும். அங்கே காத்திருக்கும் ஏற்பி எஃப்.டி.எஸ்.ஒய். ரெண்டும் சேர்ந்து செக்-ஒய்.இ.ஜி. என்ற வாசலில் ரைபோசோமை ஒப்படைக்கும். கையிலிருக்கும் ஜி.டி.பி. எரிபொருள் உடைஞ்சதும் ரெண்டும் பிரிஞ்சு அடுத்த ஆளைத் தேடிப் போயிடும். வாசலின் பக்கவாட்டுக் கதவு வழியா புரதம் சவ்வுக்குள் நழுவிடும். புரதத்திலேயே முகவரி இருக்குன்னு காட்டியதுக்குத்தான் குந்தர் புளோபெலுக்கு 1999இல் நோபல்.

இப்ப சொந்தக் கதை. ரெண்டு மாசமா என் சவ்வுப் புரதம் கட்டி தட்டியேதான் கிடைச்சது. தப்பு என்னோடது. ஆய்வறிக்கை அவசரத்தில் பாக்டீரியாவை முழு வேகத்தில் செய்யச் சொன்னேன். சரக்கு நிறைய, கூட்டிப்போக ஆளும் வாசலும் கொஞ்சம்! 1996இல் மிரூ, வாக்கர் ரெண்டு பேரும் இப்படிப்பட்ட சுமையிலும் சாகாத சி41, சி43 ஈ.கோலை வகைகளைப் பொறுக்கி எடுத்தாங்க. பின்னாடி ஆராய்ந்தா, அதுங்க புரதத்தை மெதுவா செய்ற ரகம்னு தெரிஞ்சது. நானும் வெப்பத்தைக் குறைச்சு, நிதானமா விட்டேன். நேத்துதான் முதல் தடவையா சவ்வில் கொஞ்சம் கிடைச்சிருக்கு. அழாத குறை.

அந்த அண்ணன் அன்னைக்கு இதே ஸ்டேஷன் வாசல் வரை கூட வந்தார். பேர் கேட்கிறதுக்குள்ளே, "சரி தம்பி, இனி நீங்கள் போவியள்"னு சொல்லிட்டுக் கூட்டத்தில் கலந்துட்டார்.

ரயில் வந்தாச்சு மக்களே. பையன் சரியான பெட்டியில்தான் இருக்கானான்னு பார்த்துட்டு வர்றேன்.