கரிக்குள் ஒரு சொல்

அருங்காட்சியகத்தில் செயற்கை நுண்ணறிவு என்றதும், செத்துப்போன அரசரைத் திரையில் பேசவைக்கும் காட்சிகளைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. என்னை உலுக்கியது ஒரே ஒரு கிரேக்கச் சொல். 2023 அக்டோபரில் அதன் படம் வெளியானது. கரும்பழுப்புப் பரப்பில் மங்கலான சில எழுத்துகள். 'போர்ஃபிராஸ்', அதாவது ஊதா நிறம்.

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்து இத்தாலியின் ஹெர்குலேனியம் நகரம் புதைந்தபோது, அங்கிருந்த ஒரு மாளிகையின் நூலகமும் புதைந்தது. 1752இல் தோண்டியெடுத்தபோது பாப்பிரஸ் என்னும் நாணல்தாளில் எழுதிய சுருள்கள் அடுப்புக்கரி போலிருந்தன. கரி என்றே நினைத்துச் சிலவற்றை எறிந்துவிட்டார்கள். நூல் என்று தெரிந்த பிறகு கத்தியால் பிளந்தார்கள். அந்தோனியோ பியாஜியோ என்ற பாதிரியார் பட்டு நூலில் தொங்கவிட்டு மெல்லப் பிரிக்கும் பொறி ஒன்றைச் செய்தார். ஒரு சுருளுக்கே ஆண்டுகள் பிடித்தன. அப்படியும் பல சிதைந்தன. நூற்றுக்கணக்கானவை பிரிக்கப்படாமலே எஞ்சின.

கென்டக்கி பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரென்ட் சீல்ஸ் அவற்றைத் தொடாமலே படிக்க முயன்றார். எக்ஸ்-கதிரால் சுருளை உள்ளும் புறமும் படமெடுத்துக் கணினியில் விரிப்பது அவர் வழி. ஆனால் எழுதிய மையும் புகைக்கரி, தாளும் கரி. கதிருக்கு இரண்டும் ஒன்றுதான். இந்தச் சிக்கலைத் தீர்க்க, 2023 மார்ச்சில் அவரும் கூட்டாளிகளும் படங்களை உலகத்துக்கே திறந்துவிட்டு, 'வெசுவியஸ் சேலஞ்ச்' என்ற பரிசுப் போட்டியை அறிவித்தார்கள்.

பிரிக்காத சுருளுக்குள் மையின் தடத்தை முதலில் பிடித்தது எந்திரம் அல்ல. கேஸி ஹேண்ட்மர் என்பவர் படங்களை மணிக்கணக்கில் கண்ணால் பார்த்து, காய்ந்த சேற்று வெடிப்பு போன்ற நுண்ணிய கீறல்களைக் கண்டார். அந்தத் தடத்தை வைத்து 21 வயது மாணவர் லூக் ஃபாரிட்டர் கணினிக்குப் பயிற்சி கொடுத்தார். ஒரு சுருளிலிருந்து 'போர்ஃபிராஸ்' என்ற அந்தச் சொல் வெளிப்பட்டது. எகிப்தியரான யூசெஃப் நாதெரும் தனியாக அதே சொல்லைக் கண்டார். பாப்பிரஸ் எகிப்தின் நாணல் என்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது. சுவிட்சர்லாந்து மாணவர் ஜூலியன் ஷில்லிகரும் சேர, மூவருக்கும் கூட்டாக 2024 பிப்ரவரியில் 7 லட்சம் டாலர் பரிசு கிடைத்தது. 15 பத்திகளில் 2000க்கு மேற்பட்ட எழுத்துகள்! இன்பத்தைப் பற்றிய மெய்யியல் நூல் அது. அரிதாகக் கிடைக்கும் உணவு, தாராளமாகக் கிடைப்பதைவிட இனிமையானதா என்று அதன் ஆசிரியர் ஆராய்கிறார்.

நான் பெரிதும் மதிப்பது வேறொன்றை. அந்த எந்திரத்துக்குக் கிரேக்கம் கற்றுத்தரவில்லை. ஒரு சின்னஞ்சிறு துண்டைக் காட்டி, இங்கே மை இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டார்கள். மொழி தெரிந்திருந்தால் விட்டுப்போன எழுத்தைத் தானே ஊகித்து நிரப்பியிருக்கும். அது பழைய ஆசிரியரின் எழுத்தா எந்திரத்தின் எழுத்தா என்று யாராலும் சொல்ல முடியாமல் போயிருக்கும். வாசிக்கும் வேலை, வாழ்நாளையே பாப்பிரஸில் கழித்த அறிஞர்களிடம் விடப்பட்டது. இடைவெளி இருந்த இடத்தில் இடைவெளி என்றே குறித்தார்கள். தொன்மையைத் தொடும் எந்த எந்திரத்துக்கும் இந்தக் கட்டுப்பாட்டை விதிக்க வேண்டும் என்பேன்.

அந்த ஒரு சுருளில் பரிசுக்காக வாசிக்கப்பட்டது ஏறத்தாழ 5 விழுக்காடுதான்.