கொடியும் கோடியும்

மும்பையில் நம் பிள்ளைகள் 'கொடி'யைக் 'கோடி' என்று எழுதினால் மக்கு என்று தலையில் குட்டுகிறவர்களைக் காண்கிறோம். குற்றம் பிள்ளையுடையதா? பள்ளியில் அது எழுதிப் பழகுவது இந்தியும் மராத்தியும். அவற்றில் ஏ, ஓ உண்டு. எ, ஒ என்ற குறிலுக்குத் தனி எழுத்தே வழக்கில் இல்லை. தமிழிலேயே பழைய ஓலைகளில் இரண்டுக்கும் ஒரே வடிவம், குறிலுக்கு மேலே புள்ளி. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வந்துதான் வடிவத்தைப் பிரித்தார். பண்டிதர்களே தடுமாறியிருப்பார்கள்! குட்டு வாங்கிய பிள்ளை தமிழை மூடி வைத்துவிட்டால் நாளை இந்தப் பத்திரிகையை யார் படிப்பது?

எழுத்துக்கு முன் காதைப் பழக்குவோம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. 'எ'வுக்கு ஒரு தட்டு, 'ஏ'வுக்கு இரண்டு. பெட்டி–பேட்டி, கொட்டை–கோட்டை என்று மாற்றி மாற்றிச் சொல்லி, எது குறில் என்று கேளுங்கள். ஞாயிறு வகுப்பு மட்டும் போதாது, தாய்மார்களே. ராத்திரி சோறு போடும்போதே நடத்தலாம்.